பன்னிரண்டாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் நடுவே

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த மறுநாள், எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி, மாணவிகள் எத்தனை விழுக்காடு முன்னே நிற்கிறார்கள் என்ற கணக்குகளே செய்தித்தாள்களை நிறைக்கின்றன. அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, அந்த ஒரு நாளைவிட அதற்குப் பிந்தைய இரண்டு மாதங்களே முக்கியமானவை. தேர்ச்சி பெற்ற பிள்ளை கல்லூரிக்குப் போகிறதா, பனியன் கம்பெனிக்குப் போகிறதா, கல்யாணம் பேசி முடிக்கப்படுகிறதா என்பது அந்த இரண்டு மாதங்களுக்குள் தீர்மானமாகிவிடுகிறது. அதைத் தீர்மானிப்பவர்கள் அந்தப் பிள்ளையின் வீட்டார். அவர்கள் கையில் அப்போது இருக்கும் செய்தியோ பணமோ மிகக் குறைவு. இந்த இடைவெளியைத் தன் வேலைக்களமாக எடுத்துக்கொண்ட ஓர் அறக்கட்டளையைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். நடிகர் சூர்யா 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அகரம் அறக்கட்டளைதான் அது.

அறக்கட்டளையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இந்த மாநிலம் ஏற்கெனவே செய்திருப்பதைச் சொல்லிவிடுவது நியாயம். 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, இலவசப் பாடநூல், சீருடை, பேருந்துப் பயண அட்டை, மிதிவண்டி, மடிக்கணினி, 2022-இல் தொடங்கிய காலை உணவு என்று தலைமுறை தலைமுறையாக அடுக்கப்பட்ட ஏற்பாடுகளால், தமிழ்நாட்டில் ஒரு கூலித்தொழிலாளியின் குழந்தை பெரிய செலவில்லாமல் பன்னிரண்டாம் வகுப்புவரை வந்து சேர்ந்துவிட முடிகிறது. உயர்கல்வியிலும் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 18 முதல் 23 வயதுக்குட்பட்டோரைக் கொண்டு கணக்கிடப்படும் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. இந்தியா முழுவதற்கும் அது 28 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. இந்தப் பெருமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கணக்கின் மறுபாதியில் நிற்கிற பிள்ளைகளின் முகங்கள் என் போன்ற ஆசிரியர்களுக்குத் தெரியும். அப்பா இல்லாத வீட்டுப் பிள்ளை, கல்வராயன் மலையிலிருந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளை, பெற்றோர் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியிருப்பதால் ஆண்டில் பாதி நாள் பாட்டியோடு இருந்த பிள்ளை என்று அவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிவிட முடியும். பள்ளியை நடத்த அரசு இருக்கிறது, கல்லூரியை நடத்த நிர்வாகம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த அறுபது நாளில் இவர்களுக்கென்று பேச யாரும் இருப்பதில்லை.

அந்த நாட்களில் என்ன நடக்கிறது என்பதை விரிவாகச் சொன்னால்தான் அகரம் செய்யும் வேலையின் தன்மை விளங்கும். தேர்வு முடிந்த வாரமே நூற்பாலைகளுக்கு ஆள் சேர்க்கும் தரகர் ஊருக்குள் வந்துவிடுவார். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நெடுங்காலம் நடந்தது இதுதான்: பெண்பிள்ளை மூன்றாண்டு ஆலையின் விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் திருமணச் செலவுக்கு ஆகும்படி ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும் என்பார்கள். பெயர் மாறினாலும் அந்தப் பேரம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. மூன்றாண்டுகள் என்பது ஒரு பட்டப்படிப்பின் காலம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பையன்களுக்கு மேஸ்திரி வேலை, கேரளத்துக் கட்டட வேலை, சென்னையில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை என்று வழிகள் திறந்திருக்கின்றன. இவை எல்லாம் உடனே பணம் தருபவை. கல்லூரியோ முதலில் பணம் கேட்கிறது. விண்ணப்பக் கட்டணம், கலந்தாய்வுக்குப் போய்வரும் செலவு, விடுதி முன்வைப்புத் தொகை, இரண்டு ஜோடி நல்ல உடை, ஒரு பெட்டி என்று சிறுசிறு செலவுகளாகச் சேர்ந்து வரும் தொகை, கல்விக் கட்டணத்துக்கு முன்னாலேயே ஒரு குடும்பத்தைத் திணறவைத்துவிடுகிறது.

அரசின் உதவிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவருக்குத் தொழிற்படிப்பில் கற்பிப்புக் கட்டணச் சலுகை 2010 முதல் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும். பழங்குடியினர் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியரிடம் பெற வேண்டும். அதற்கு விசாரணை உண்டு. அந்த விசாரணை ஆகஸ்டில் முடிந்தால் ஜூலையில் நடந்த சேர்க்கைக்கு அது பயன்படாது. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு வீட்டில் வேறு எவரும் பட்டம் பெறவில்லை என்று காட்ட, அண்ணன் தம்பிகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள்வரை எடுத்து வைக்க வேண்டும். இ-சேவை மையத்தில் ஒரு நாள் என்பது தாய்க்கு ஒரு நாள் கூலி. எந்தத் தாளை எங்கே கேட்பது, எந்தத் தேதிக்குள் கேட்பது என்று சொல்லிக் கொடுக்க வீட்டில் ஒரு பட்டதாரி இருந்தால் இவை எல்லாம் ஒரு வாரத்து அலைச்சல். அப்படி ஒருவர் இல்லாததனால்தானே அந்தப் பிள்ளை முதல் தலைமுறை என்று அழைக்கப்படுகிறது.

சூர்யாவின் தந்தை சிவகுமார், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் பெயரிலான கல்வி அறக்கட்டளை வழியே பன்னிரண்டாம் வகுப்பில் மிகச் சிறந்த மதிப்பெண் பெறும் மாணவர்களைப் பாராட்டிப் பரிசளித்து வருகிறார். அது நல்ல பணி. பரிசு பெற்ற பிள்ளைகள் அதை வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருப்பார்கள். அகரம் 2010-இல் ‘விதை’ என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியையே வேறுவிதமாகக் கேட்டது. யார் அதிக மதிப்பெண் பெற்றார்கள் என்பதோடு, எந்தச் சூழலிலிருந்து அந்த மதிப்பெண்ணைப் பெற்றார்கள் என்பதையும் பார்க்க முனைந்தது. காலை நான்கு மணிக்குப் பூப்பறித்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வந்த பிள்ளை 600-க்கு 430 வாங்கியிருந்தால், தனிப்பயிற்சியும் தனி அறையும் இருந்த பிள்ளை வாங்கிய 560-க்கு அது குறைந்ததல்ல என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். ஆயினும் அந்த வேறுபாட்டை மதிப்பெண் பட்டியல் காட்டாது. அதைக் கண்டறிய ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

அகரத்தின் பணியில் என்னை ஆழமாகக் கவர்ந்தது இந்த வீடு தேடிப் போகும் வழக்கம். விண்ணப்பித்த பிள்ளைகளோடு முதலில் பேசுகிறார்கள்; பிறகு தன்னார்வலர்கள் நேரில் வருகிறார்கள். அவர்களில் பலர் முன்பு இதே திட்டத்தில் படித்து வேலைக்குப் போனவர்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கதவிலக்கம் என்று எதுவும் இல்லாத ஊர்களில் வழிகாட்ட ஆசிரியர்கள் உடன் போவதுண்டு. அப்படிச் சில வீடுகளுக்கு நானும் போயிருக்கிறேன். கூரையைப் பார்க்கிறார்கள், வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்கிறார்கள், கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மூத்த பிள்ளை எந்த வகுப்போடு நின்றது, ஏன் நின்றது, விடுமுறையில் இந்தப் பிள்ளை என்ன வேலைக்குப் போனது என்று விசாரிக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் வறுமையை அந்நியர் விசாரிப்பது எளிதில் அவமானமாக மாறிவிடக் கூடிய செயல். நோட்டுப் புத்தகம் கொடுக்கும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் புகைப்படம் எடுக்கும் கொடையாளர்களைப் பள்ளியில் பார்த்துப் பார்த்து மனம் கசந்தவன் நான். அதனால் பாயில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, பிள்ளையின் அம்மாவை ‘அம்மா’ என்று அழைத்து, அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்ட அந்த இளைஞர்களின் பண்பு எனக்குப் பெரிதாகத் தோன்றியது. தாங்கள் பதில் சொன்ன கேள்விகளையே இப்போது கேட்பவர்கள் ஆதலால் அந்தப் பண்பு அவர்களுக்கு இயல்பாக வருகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு வீட்டில் நடந்த உரையாடலை மட்டும் சொல்கிறேன். அந்தப் பெண்ணின் தந்தை இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தாய் நூறு நாள் வேலைக்கும், அறுவடைக் காலத்தில் கரும்பு வெட்டவும் போகிறவர். கட்டணம் எதுவும் கட்ட வேண்டாம் என்று தன்னார்வலர் விளக்கிய பிறகும் அவர் முகம் தெளியவில்லை.

“காசு வேண்டாம்னு சொல்றீங்க, சரிங்க சார். அவ்ளோ தூரத்துல வயசுப் பொண்ண விட்டுட்டு நான் எப்படி நிம்மதியா இருப்பேன்? ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்களே” என்றார் என்னிடம்.

வந்திருந்த பெண் தன்னார்வலர்தான் அதற்குப் பதில் சொன்னார்: “எங்கம்மாவும் இதேதாம்மா சொன்னாங்க. நானும் விடுதியிலதான் இருந்தேன். மொத வாரம் தெனமும் அழுதேன். என் நம்பர் தர்றேன், எப்ப வேணா கூப்பிடுங்க. பாப்பா எங்கூடப் பேசிட்டே இருக்கட்டும்.”

அந்தத் தாய் அன்றே ஒப்புக்கொள்ளவில்லை. தன் அண்ணனைக் கேட்க வேண்டும் என்றார், கேட்டார், பிறகுதான் சம்மதித்தார். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் ஓர் அரசாணையால் அந்த அச்சத்துக்கு விடை சொல்ல முடியாது. அதே அச்சத்தைக் கடந்து வந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து சொல்லும்போதுதான் அது இளகுகிறது. ஓர் அறக்கட்டளை மாநிலம் முழுவதும் வாய்ப்பை விரிவாக்குகிறது என்று சொல்லும்போது, என் மனத்தில் வருவது இதுபோன்ற பேச்சுதான்; ஒதுக்கப்பட்ட தொகை இரண்டாவதாகத்தான் வருகிறது.

தொகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டிய காலத்தில், கலந்தாய்வின் முடிவில் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடந்தன. ஒரு பக்கம் நிரம்பாத வகுப்பறைகள், மறுபக்கம் படிக்க வழியில்லாத பிள்ளைகள். அகரம் கல்லூரிகளை அணுகி, தான் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ இடம் தரும்படி கேட்டுப் பெற்றது. பல கல்வி நிறுவனங்கள் மனமுவந்து இடம் கொடுத்தன. இதனால் கொடையாளர்கள் தரும் பணம் விடுதிக்கும், உணவுக்கும், பயிற்சிகளுக்கும் செலவாக முடிகிறது. ஒரு பிள்ளைக்குச் செலவாகியிருக்கக் கூடிய பணத்தில் பல பிள்ளைகள் படிக்க முடிகிறது. இருப்பதை இல்லாதவரோடு இணைத்துவைக்கும் இந்த வேலை மற்ற மாநிலங்களிலும் செய்யத் தக்கது.

கல்லூரியில் சேர்த்துவிடுவதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கும் உதவிகளே அதிகம். தமிழ்வழியில் படித்த என் மாணவர்கள் முதல் பருவத்தில் என்ன பாடுபடுகிறார்கள் என்பதை அவர்கள் விடுமுறைக்கு வரும்போது கேட்டிருக்கிறேன். இங்கே ‘முடுக்கம்’ என்றும் ‘திசைவேகம்’ என்றும் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்த பிள்ளை, அங்கே அதே பாடத்தை ஆங்கிலத்தில் கேட்டுத் தனக்கு இயற்பியலே தெரியாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது. முதல் பருவத்துக் கணிதத் தாளில் அரியர் விழுகிறது. அதைச் சொல்ல வீட்டில் யாருக்கும் அரியர் என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டாம் பருவத்தில் இன்னும் இரண்டு சேர்கிறது. தீபாவளிக்கு ஊருக்கு வந்த பிள்ளை திரும்பிப் போக மறுக்கிறது. இப்படிப் பாதியில் நின்றவர்களை எந்தப் புள்ளிவிவரமும் சரியாக எண்ணுவதில்லை. ஊரார் மட்டும், படிக்க அனுப்பியதனால் என்ன கண்டோம் என்று அடுத்த பிள்ளையின் வீட்டில் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அகரம் தன் மாணவர்களுக்கு ஆங்கிலப் பயிற்சியும் வாழ்க்கைத் திறன் பயிலரங்குகளும் நடத்துவதும், ஒவ்வொருவருக்கும் மூத்த ஒருவரைத் துணையாக வைப்பதும் இந்த இடத்தில்தான் உயிர் காக்கின்றன. படிப்பு முடியும்வரை கூடவே நிற்பது விளம்பரத்துக்கு உதவாத, அலுப்பூட்டும், நீண்ட வேலை. அதைத் தொடர்ந்து செய்கிறார்கள் என்பதற்காகவே அவர்களை நான் மதிக்கிறேன்.

2025 ஆகஸ்டில் சென்னையில் விதைத் திட்டத்தின் 15 ஆண்டு நிறைவு விழா நடந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இத்திட்டத்தால் உயர்கல்வி பெற்றிருக்கிறார்கள் என்பதும், அவர்களில் 51 பேர் மருத்துவர்கள், 1,800 பேர் பொறியாளர்கள் என்பதும் அப்போது பரவலாகப் பேசப்பட்டன. மருத்துவர்கள் மேடையேறிய காட்சியைப் பார்த்துக் கண் கலங்காதவர்கள் குறைவு; நானும் கலங்கினேன். என்றாலும் ஆசிரியராக எனக்கு மருத்துவர், பொறியாளர் என்ற இரண்டு சொற்களோடு பேச்சு நின்றுவிடுவதில் வருத்தம் உண்டு. கலை அறிவியல் கல்லூரியில் தமிழோ, வணிகவியலோ, கணிதமோ படித்து, போட்டித் தேர்வு எழுதிக் கிராம நிர்வாக அலுவலராகவோ, ஆசிரியராகவோ, வங்கி ஊழியராகவோ ஊருக்கு அருகிலேயே அமர்ந்தவர்கள் ஒரு குடும்பத்தை மட்டுமல்லாமல் ஒரு தெருவையே மாற்றுகிறார்கள். அடுத்த பிள்ளைக்கு எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது என்று சொல்லித் தருபவர் அவர்தான்.

ஓர் அறக்கட்டளையின் எல்லை எவ்வளவு என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் ஏழரை லட்சம் அளவுக்கு மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் மாநிலம் இது. அகரம் ஆண்டுக்குச் சேர்த்துக்கொள்ளக் கூடியது சில நூறு பேரை. விண்ணப்பிக்கும் ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோரை வேறு வழியின்றி விட்டுவிட வேண்டியிருக்கிறது. அப்பா இல்லாத பிள்ளைக்கும் அம்மா இல்லாத பிள்ளைக்கும் நடுவில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தன்னார்வலர் எப்படி உறங்குவார் என்று நான் நினைத்ததுண்டு. அந்தச் சுமை தனியாரின் கருணை தாங்கக் கூடியதன்று. உரிமையாக எல்லாருக்கும் கொடுக்க அரசால் மட்டுமே முடியும்.

அரசு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்குச் சான்றும் நம்மிடம் இருக்கிறது. மருத்துவச் சேர்க்கைக்கு நீட் வந்த 2017-க்குப் பின் அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவது அரிதிலும் அரிதாகிப் போனது. நீதிபதி கலையரசன் ஆணையத்தின் அறிக்கையை அடுத்து 2020-இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்ததும், அந்த ஓராண்டிலேயே 405 மருத்துவ, பல் மருத்துவ இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று கிடைத்தன. மறு ஆண்டு, நீதிபதி முருகேசன் ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அந்த ஒதுக்கீடு விரிந்தது. அப்படிச் சேர்வோரின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்றது. 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாயை மாணவியின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துகிறது. 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டம் மாணவர்களுக்கும் அதைச் செய்தது. அறக்கட்டளை பதினைந்து ஆண்டில் தொட்டதைவிடப் பெருங்கூட்டத்தை ஒரே அரசாணை ஒரே ஆண்டில் தொட்டுவிடுகிறது.

எனினும் சட்டமும் ஆணையும் தாமாக வீட்டு வாசலுக்கு வருவதில்லை. ‘உயர்வுக்குப் படி’ என்ற பெயரில் பள்ளிக் கல்வித் துறை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் கல்லூரியில் சேராத பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, அவர்களை முகாம்களுக்கு அழைத்து, அங்கேயே கல்லூரிகளையும் வங்கிகளையும் சான்றிதழ் வழங்கும் அலுவலர்களையும் ஒன்றாக அமர்த்தியபோது, பல ஆண்டுகளாக இத்தகைய அமைப்புகள் சிறிய அளவில் செய்துகாட்டிய வேலையை அரசு பெரிய அளவில் கையிலெடுத்ததாகவே எனக்குத் தோன்றியது. அந்த முகாம்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். பெற்றோரோடு வந்த பிள்ளை சேர்ந்துவிடுகிறது. தனியாக வந்த பிள்ளை விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. அந்த இரண்டாவது பிள்ளையின் வீட்டுக்குப் போக அரசிடம் ஆளில்லை. அகரம் போன்ற அமைப்புகளின் முன்னாள் மாணவர்கள் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கிறார்கள். தங்கள் அறக்கட்டளை தேர்ந்தெடுத்த பிள்ளைகளின் வீடுகளோடு நிற்காமல், அரசு முகாமின் பட்டியலிலுள்ள வீடுகளுக்கும் அவர்கள் போனால், சில நூறு என்ற எல்லை பெரிய அளவில் விரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் பள்ளியில் நாங்கள் செய்யத் தொடங்கியிருப்பதையும் மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்று சொல்லிவைக்கிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும், வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளையிடமும் சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய மூன்று சான்றிதழ்களில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று எழுதிக்கொள்கிறார். பழங்குடியினப் பிள்ளைகளின் விண்ணப்பங்களை முதலில் அனுப்புகிறோம், ஏனென்றால் அவைதான் அதிக நாள் எடுக்கின்றன. பெற்றோரில் ஒருவரோ இருவரோ இல்லாத பிள்ளைகள் யார் யார் என்று மார்ச்சுக்கு முன்பே தலைமையாசிரியரிடம் ஒரு குறிப்பு இருக்கிறது; உதவும் அமைப்புகள் விண்ணப்பம் கேட்கும்போது தேடி அலைய வேண்டியதில்லை. கல்லூரியில் படிக்கும் எங்கள் முன்னாள் மாணவிகள் இருவர், மே மாத விடுமுறையில் புதிதாகத் தேர்ச்சி பெற்றவர்களின் வீடுகளுக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பேருந்துச் செலவை ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்கிறோம். உங்கள் பள்ளியிலும் அப்படி வரக்கூடிய இருவர் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுடைய தொலைபேசி எண்ணை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.